யோகா வெச்சும் ஆளுங்க ஏன் வேலையை விட்டு நின்னுடறாங்க? ஒரு ஃபேக்டரி டாக்டரோட பதில்

தம்பி, உங்க கேள்வியை நான் எப்படி புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. ஓசூர் சிப்காட்ல வண்டி பார்ட்ஸ் பண்ற 140 பேர் யூனிட்ல ஹெச்ஆர் பார்க்கறீங்க. வெள்ளிக்கிழமை யோகா வெச்சீங்க, கேரம் போர்டு வாங்கிப் போட்டீங்க, பொறந்தநாளுக்கு கேக் வெட்டறீங்க. அப்படியும் திங்கக்கிழமை ஆனா பாதி லைன் காலி, சேர்ந்த ரெண்டு மாசத்துல ஆளுங்க நின்னுடறாங்க, போன வாரம் ஒரு பொண்ணு லைன்லயே மயங்கி விழுந்துட்டா. கையில மாசம் 20,000 ரூபாய் இருக்கு, இன்னும் எந்த ஆக்டிவிட்டி வெச்சா ஸ்ட்ரெஸ் குறையும்னு கேட்டிருக்கீங்க. எழுதினது அப்படி, ஆனா படிக்கும்போது எனக்குக் கேட்டது, இவ்ளோ செஞ்சும் ஏன் குறையல, நான் எதைப் பார்க்காம விட்டுட்டேன்ங்கறதுதான். அதுக்குத்தான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் எம்பிபிஎஸ் முடிச்சு, ஃபேக்டரி டாக்டருக்கு வேணும்ங்கற ஏஎஃப்ஐஹெச் 3 மாச கோர்ஸும் முடிச்சுட்டு 19 வருஷமா ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் யூனிட்டுகளுக்கு போயிட்டு வர்றேன், சீசன்ல கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஃபேக்டரிங்களுக்கும் போவேன். மனநல டாக்டர் கிடையாது, அதனால டிப்ரஷன் மாதிரி விஷயத்துல நான் சொல்றதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதை அந்த இடம் வரும்போது சொல்றேன்.

யூனிட்டுல ஸ்ட்ரெஸ் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க கேள்வித்தாள் குடுத்து டிக் பண்ண சொல்லாதீங்க, பேர் எழுத வேண்டாம்னு சொன்னாலும் கையெழுத்தை வெச்சு கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயந்து எல்லாத்துக்கும் "நல்லா இருக்கு"ன்னு போட்டுடுவாங்க. அதுக்கு பதிலா ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல இருக்கற மாத்திரை ரெஜிஸ்டரை எடுத்துட்டு ஒரு மணி நேரம் உக்காருங்க. எந்த லைன்லருந்து தலைவலி மாத்திரை அதிகம் போகுது, எந்த மணிக்கு போகுது, கேஸ் மாத்திரை யார் வாங்கறாங்க, எந்த ஷிஃப்ட்ல. நான் போய்ட்டிருந்த ஒரு யூனிட்ல (பேர் வேண்டாம்) ஒரே லைன்லருந்து பொண்ணுங்க திரும்பத் திரும்ப நீர்க்கடுப்புன்னு வந்தாங்க, ஆன்டிபயாடிக் எழுதி எழுதி அனுப்பிட்டே இருந்தேன், மூணாவது மாசம்தான் எனக்கே உறைச்சு ஒரு பொண்ணை உக்கார வெச்சு கேட்டேன். "மேடம், தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும், போவணும்னா அந்த பிளாஸ்டிக் பாஸ் வாங்கணும், லைனுக்கு ஒரே பாஸ்தான், அது யார் கிட்டயாவது இருக்கும், கேட்டா லீடர் அண்ணன் எல்லார் முன்னாடியும் இப்பத்தானே போன்னு கேக்கறாரு, அதான் காலைலருந்து தண்ணியே குடிக்கறதில்ல"ன்னா. 35 பேருக்கு ஒரு பாஸ். நான் மருந்து எழுதிட்டு இருந்தது அந்த பாஸுக்குத்தான்.

அந்த பாஸை எடுக்க வெச்சோம், லைனுக்கு ஒரு ரிலீவர் போட்டாங்க, அதாவது யாராவது எழுந்து போனா அந்த இடத்துல நின்னு வேலை பார்க்கறதுக்குன்னே ஒரு ஆள். அதுக்கப்புறம் நீர்க்கடுப்பு கேஸ் நல்லா குறைஞ்சுது, லீவும் குறைஞ்ச மாதிரி இருந்தது. ஆனா இதுல நேர்மையா ஒண்ணு சொல்லணும், அதே சமயத்துல புது டாய்லெட் பிளாக்கும் கட்டி முடிச்சாங்க, வெயில் காலமும் முடிஞ்சு போச்சு, அதனால எதனால எவ்வளவு குறைஞ்சுதுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. தண்ணி குடிக்காம சிறுநீரை அடக்கினா தொற்று வர்ற வாய்ப்பு கூடும்ங்கறது மருத்துவம், அதுல சந்தேகம் இல்ல. பாஸை எடுத்ததாலதான் லீவு குறைஞ்சுதுங்கறது என் நம்பிக்கை, அவ்ளோதான்.

வேலை ஜாஸ்தின்னாலே ஸ்ட்ரெஸ்னு நாம நினைக்கறோம். சாந்தூர் பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கறவங்களை மே, ஜூன்ல பாருங்க, விடிகாலைலருந்து ராத்திரி வரைக்கும் காய் பறிப்பு, லோடு, கமிஷன் மண்டி, பேரம்னு அலைவாங்க, உடம்பு அசந்து போகும், ஆனா எப்ப சாப்பிடறது, எந்த மரத்துல இன்னைக்கு பறிக்கறது, நாளைக்கு தள்ளிப் போடலாமாங்கறது அவங்க கையில. அதே தோத்தாபுரி காய் ஃபேக்டரிக்கு வந்ததும் அதை தோல் சீவற பொண்ணு பெல்ட் ஓடற வேகத்துக்கு கை ஓட்டணும், நிறுத்த முடியாது, மாங்காய்ப் பால் பட்டு கை எரிஞ்சாலும் கழுவப் போக யாரையாவது கேக்கணும். ரெண்டு பேரும் களைச்சுதான் வீட்டுக்கு போறாங்க, ஆனா நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லன்னு என்கிட்ட வர்றது இந்தப் பொண்ணு. அமெரிக்காவுல ராபர்ட் கராசெக்னு ஒருத்தர் 1979லயே இதைத்தான் எழுதினார், வேலையோட நெருக்கடி அதிகமா இருந்து, அந்த வேலை மேல நமக்கு சொல்வாக்கு கம்மியா இருந்தா அதுதான் ஆளை அரிக்கும்னு. லண்டன்ல அரசு ஊழியர்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்த ஒயிட்ஹால் ஆய்வுகள்ல மேல இருக்கற ஆபீசரை விட கீழ இருக்கற ஊழியருக்குத்தான் மாரடைப்பு அதிகம்னு வந்தது, டென்ஷன் எல்லாம் பெரிய ஆபீசருக்குத்தான்னு நினைச்சுட்டு இருந்தவங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. புகை, பிரஷர், கொழுப்பு எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகும் வித்தியாசம் முழுசா போகல, தன் வேலை மேல சொல்வாக்கு இல்லாததுக்கு அதுல பங்கு இருக்குன்னு அந்த ஆய்வை நடத்தின சர் மைக்கேல் மார்மட் குழு சொன்னாங்க. எவ்வளவு பங்குங்கறதுல இன்னைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குள்ள வாக்குவாதம் இருக்கு, பங்கே இல்லன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி.

இப்ப யோகாவுக்கு வர்றேன். யோகா கெட்டதுன்னு நான் சொல்லல, நானே பண்றேன். ஆனா பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல வேலை பார்க்கற 46,336 பேரோட பதில்களை வெச்சு 2024ல ஒரு ஆய்வு வந்தது, தியான வகுப்பு, மனநல ஆப், ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் பயிற்சி இதுல கலந்துக்கிட்டவங்களையும் கலந்துக்காதவங்களையும் ஒப்பிட்டப்போ மனநலத்துல கணிசமான வித்தியாசம் தெரியல. இதை வெச்சு யோகாவால பிரயோஜனமே இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஏன்னா அது ஒரே சமயத்துல எடுத்த கணக்கு, முன்னாடி எப்படி இருந்தாங்க பின்னாடி எப்படி ஆனாங்கன்னு தொடர்ந்து பார்த்தது இல்ல, நம்ம ஊர் ஷாப் ஃப்ளோர்லயும் எடுக்கல. ஆனா ஆளை மட்டும் சரி பண்ணிட்டு வேலையை அப்படியே விட்டா பெருசா ஒண்ணும் நடக்காதுங்கற பக்கம்தான் காட்டுது, நான் 19 வருஷத்துல பார்த்ததும் அதேதான். உங்க யோகா கிளாஸ் ஷிஃப்ட் நேரத்துக்குள்ளயா, முடிஞ்ச பிறகான்னு நீங்க எழுதல. முடிஞ்ச பிறகுன்னா தயவு செஞ்சு நிறுத்திடுங்க, அந்த அரை மணி நேரம் பஸ் லேட்டா கிளம்புது, வீட்ல குழந்தை காத்துட்டு இருக்கு.

பஸ்ஸை பத்தி நிறைய சொல்லணும், ஏன்னா நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் பாதி வியாதி அங்கதான் இருக்கு. முதல் ஷிஃப்ட் காலைல 6 மணின்னு வெச்சுக்கோங்க. பாலக்கோடு பக்கம் இருந்து வர்ற பொண்ணு 4 மணி சுமாருக்கு பஸ் ஏறணும், மூணுக்கு எழுந்தாத்தான் வீட்டுக்கு ஏதாவது செஞ்சு வெச்சுட்டு வர முடியும். 2 மணிக்கு ஷிஃப்ட் முடியுது, "ஒரு நாலு மணி நேரம் இருந்துட்டு போம்மா"ன்னா 6 மணி, பஸ் ரூட்டெல்லாம் சுத்தி வீடு போக 8, சமையல், துணி, படுக்க 10 தாண்டிடும், திரும்ப மூணுக்கு அலாரம். அஞ்சு மணி நேரம் கூட தூக்கம் இல்ல. இந்தப் பொண்ணுக்கு நீங்க வெள்ளிக்கிழமை மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றீங்க. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல வெளியிட்ட கணக்குல, வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்யறவங்களுக்கு 35-40 மணி நேரம் செய்யறவங்களை விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பால சாகற ஆபத்து 17 சதவீதமும் அதிகம்னு இருந்தது. அதுல பஸ் நேரம் சேரல, அதையும் உங்க பேப்பர்ல சேர்த்து எழுதிப் பாருங்க.

ஓவர்டைம்னா ரெண்டு மடங்கு கூலி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, நடுவுல குறைஞ்சது அரை மணி நேரம் இடைவெளி, இதெல்லாம் 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்தது. ரெண்டு மடங்கு கூலிங்கறது 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதாவை 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில நிறைவேத்தி, எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்தி வெச்சு, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சது ஞாபகம் இருக்கும். சட்டம் வரல, ஆனா "இருந்துட்டு போம்மா" மட்டும் எல்லா யூனிட்லயும் இருக்கு, அதுவும் 1:45க்கு வந்து சொல்றாங்க. ஓவர்டைம் பணம் நிறைய பேருக்கு வேணும், அதை நான் மறுக்கல, குழு கடன் கட்டணும், பசங்க ஃபீஸ் கட்டணும். அதனால ஓவர்டைமே வேண்டாம்னு சொல்லல, முந்தின நாளே சொல்லுங்க, முடியாதுன்னு சொன்னா முகம் சுளிக்காதீங்க, மறுநாள் கஷ்டமான மெஷின்ல தூக்கிப் போடாதீங்க. இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

ஷிஃப்ட் சுழற்சியும் பாருங்க. காலை ஷிஃப்ட், அடுத்து மதியம், அடுத்து ராத்திரின்னு முன்னாடி தள்ளிட்டு போற மாதிரி சுத்தினா உடம்பு கொஞ்சம் சுலபமா ஒத்துக்கும், ஏன்னா நம்ம உள்கடிகாரம் 24 மணியை விட லேசா நீளமா ஓடறது, லேட்டா தூங்கறது அதுக்கு ஈஸி, சீக்கிரம் தூங்கறதுதான் கஷ்டம். பல யூனிட்ல இது தலைகீழா, ராத்திரி முடிச்சு மதியம், மதியம் முடிச்சு காலைன்னு சுத்துது, ஏன்னு கேட்டா ஆரம்பத்துலருந்தே அப்படித்தான்னு சொல்றாங்க. ரோஸ்டர் ஷீட்ல அம்புக்குறி திருப்பற வேலைதான்.

மயங்கி விழுந்த பொண்ணைப் பத்தி. அதை ஸ்ட்ரெஸ்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, அது தப்பா இருக்கலாம். தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. மூணு மணிக்கு எழுந்து, வெறும் டீ குடிச்சுட்டு, நின்னுட்டே நாலு மணி நேரம், அதுவும் ஃபேன் காத்து எட்டாத மூலையில, ரத்தமும் கம்மின்னா யாரா இருந்தாலும் விழுவாங்க. பார்க்காம நான் காரணம் சொல்லக்கூடாது, மாசமா இருக்கலாம், சுகர் இறங்கியிருக்கலாம், இதயத்துல கோளாறு இருக்கலாம், வலிப்பா கூட இருக்கலாம். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டு போய் ஹீமோகுளோபின், சுகர், பிரஷர் பார்க்க வைங்க, இசிஜி ஒண்ணு எடுக்க சொல்லுங்க, விழும்போது நேர்ல பார்த்தவங்க யாராவது கூட போனா நல்லது. லீவு போட்டா சம்பளம் போயிடும்னு பயப்படுவா, ஈஎஸ்ஐல தகுதியான நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் நோய்க்கால பணம் இருக்குன்னு சொல்லுங்க, மாசா மாசம் சம்பளத்துல பிடிக்கறாங்களே தவிர இது இருக்கறதே பாதி பேருக்கு தெரியாது. அப்புறம் அந்த லைனுக்கு ஸ்டூல். கடையில வேலை பார்க்கறவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத்திருத்தம் வந்தது, ஃபேக்டரிக்கு அந்த விதி அதுக்கும் ரொம்ப முன்னாடிலருந்தே இருக்கு. உக்காந்தா தூங்கிடுவாங்கன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. சாய்ஞ்சு நிக்கற மாதிரி உயரமான ஸ்டூல் வந்துருக்கு, அதைப் போடுங்க.

கை கால் வலி, முட்டி வலின்னு ரெஜிஸ்டர்ல நிறைய இருந்தா அதையும் ஸ்ட்ரெஸ் கணக்குல எழுதிடாதீங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு இருக்கறது ஊரறிஞ்ச விஷயம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்ததே அதுக்குத்தான், 2013ல தொடங்கினாங்க. உங்க யூனிட்ல குடிக்கறது போர் தண்ணியான்னு பாருங்க, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1.5 வரைக்கும், குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்தா பார்த்து சொல்லிடுவாங்க.

சூப்பர்வைசருங்களைத் திட்டற மாதிரி எழுதிட்டேன், ஆனா எனக்கு ரொம்ப பாவமா தெரியறது அவங்கதான். 24, 25 வயசு டிப்ளமோ பையன், நேத்து வரைக்கும் மெஷின்ல நின்னவன், வேகமா வேலை செஞ்சான்னு லீடர் ஆக்கிட்டாங்க, ஆளுங்களை எப்படி நடத்தறதுன்னு ஒரு நாள் கூட யாரும் சொல்லித் தரல. ராத்திரி 10 மணிக்கும் வாட்ஸப்ல டார்கெட் வருது, மேல இருந்து அவனுக்கு விழற வார்த்தையை அவன் அப்படியே கீழ இறக்கறான். பிரஷர் மாத்திரை சாப்பிடற 28 வயசு லீடர்களை நான் பார்த்திருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 2022ல வேலையிட மனநலத்துக்கு வழிகாட்டி வெளியிட்டப்போ மேனேஜர், சூப்பர்வைசர்களுக்கு பயிற்சி குடுக்கணும்ங்கறதை முக்கியமா சொல்லிச்சு. வெளியிலருந்து பேச்சாளர் கூப்பிட வேண்டாம், மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம் உங்க லீடர்ஸை உக்கார வெச்சு நடந்த சண்டை ஒண்ணை எடுத்து பேசுங்க, யாரு என்ன சொன்னா, வேற எப்படி சொல்லியிருக்கலாம்னு. எல்லார் முன்னாடியும் திட்டறதை நிறுத்தறது ஒண்ணு நடந்தாலே போதும், தப்பை தனியா கூப்பிட்டு சொல்லலாம். யார் கம்மியா பீஸ் போட்டாங்கன்னு போர்டுல பேர் எழுதற பழக்கம் உங்ககிட்ட இருந்தா இன்னைக்கே அழிச்சுடுங்க. ராத்திரி வாட்ஸப்பை முதலாளிதான் நிறுத்தணும், அது உங்க கையில இல்லன்னு எனக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க.

திங்கக்கிழமை லீவுக்கு வர்றேன். அது சோம்பேறித்தனம்னு எல்லா யூனிட்லயும் சொல்றாங்க. ஊர் ஊருக்கு மாரியம்மன் பண்டிகை வேற வேற வாரத்துல வருது, ஆடி 18க்கு ஆத்துக்கு போகணும், ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசறவங்களுக்கு உகாதிதான் பெரிய பண்டிகை, ஒடிசா, பீகார் பசங்களுக்கு அவங்க ஊர் நாள் வேற. லீவு கேட்டா கிடைக்காதுன்னு தெரிஞ்சா சொல்லாமதான் போடுவாங்க. வருஷ ஆரம்பத்துலயே ஒரு பெரிய காலண்டரை மாட்டி உங்க ஊர் திருவிழா எப்பன்னு அவங்களையே எழுத விடுங்க, ஒரே ஊர்க்காரங்க எத்தனை பேர், யார் எப்ப போகலாம்னு லைன்காரங்களே பேசி முடிவு பண்ணட்டும். பர்கூர் பக்கம் ஒரு யூனிட்ல இதை செஞ்சாங்க, சொல்லாம போடற லீவு குறைஞ்சுதுன்னு மேனேஜர் சொன்னார், நான் கணக்கு வாங்கிப் பார்க்கல. ஆனா தன் லீவை தானே முடிவு பண்ணதுல அந்த ஆளுங்க முகத்துல இருந்த தெளிவை நான் பார்த்தேன்.

ரெண்டு விஷயம் சீரியஸா. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற எந்த இடத்துலயும் பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளக குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது, தலைவர் பெண்ணா இருக்கணும், வெளியிலருந்து ஒரு உறுப்பினர் வேணும். உங்க யூனிட்ல பேப்பர்ல இருக்கலாம், லைன்ல இருக்கற பொண்ணு ஒருத்தியைக் கூப்பிட்டு குழுவுல யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க, பதில் தெரியலன்னா குழு இல்லன்னுதான் அர்த்தம். "எனக்கு அந்த லைன் வேண்டாம் மேடம், மாத்தி விடுங்க"ன்னு காரணம் சொல்லாம கேக்கற பொண்ணை நான் சாதாரணமா எடுத்துக்கறதில்ல, நீங்களும் எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு, வேலையை எவ்வளவு சரி பண்ணாலும் சிலருக்கு இருக்கறது நிஜமான மனநோயா இருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி இல்லாம, எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா, சாகணும்ங்கற பேச்சு வாயில வந்தா, அது உங்க வேலையும் இல்ல என் வேலையும் இல்ல. 14416க்கு போன் போட சொல்லுங்க, அது அரசோட டெலிமானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம், இல்லன்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஒரு ஆளைத் துணைக்கு போட்டு அனுப்புங்க. அந்த விஷயம் கேன்டீன்ல பேச்சா மாறாம பார்த்துக்கறது உங்க பொறுப்பு, ஒரு தடவை வெளிய வந்துடுச்சுன்னா அடுத்து யாரும் உங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்ப அந்த 20,000. என்னைக் கேட்டா முழுசையும் ஒரு ரிலீவர் சம்பளத்துக்கு போடுவேன், கேக், கேரம் எதுவும் வேண்டாம், ரொம்ப அழுத்தமா இருக்கற ஒரு லைன்ல மட்டும் மூணு மாசம் ஓட்டிப் பாருங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த லைனோட லீவு, மாத்திரை, ரிஜெக்ஷன், நின்ன ஆளுங்க கணக்கை எழுதி வைங்க, பக்கத்து லைன் ஒண்ணோடதும் எழுதி வைங்க, அப்பத்தான் நான் மாட்டின மாதிரி எதனால மாறிச்சுன்னு தெரியாம மாட்ட மாட்டீங்க. முதலாளிகிட்ட மனசு, ஆரோக்கியம்னு ஆரம்பிக்காம, ஒரு ஆள் நின்னா புது ஆளுக்கு கை பழக எத்தனை வாரம், அதுவரைக்கும் எத்தனை பீஸ் வீணாகுதுன்னு உங்க யூனிட் கணக்கையே எடுத்துட்டு போங்க, அதை அவர் கேப்பார்.

அதுக்கும் முன்னாடி ஒரு நாள், யார்கிட்டயும் சொல்லாம, பாலக்கோடு பக்கம் கடைசி ஸ்டாப்ல போய் நின்னு அந்த காலை பஸ்ல ஏறி வாங்க. அன்னைக்கு ஓவர்டைம் முடியற வரைக்கும் இருந்து, திரும்ப அதே பஸ்லயே கடைசி ஸ்டாப் வரைக்கும் போங்க. எத்தனை மணிக்கு ஏறினீங்க, எத்தனை மணிக்கு இறங்கினீங்கன்னு மட்டும் குறிச்சு வெச்சுட்டு வந்து கீழ எழுதுங்க, அந்தப் பொண்ணோட ரிசல்ட் வந்தா அதையும் பேர் இல்லாம போடுங்க. ராத்திரி 9க்கு மேல பார்த்து பதில் போடறேன்.